திருப்பிப் போட்ட மாமா

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அராபா கண் விழித்தபோது போனில் அறுபத்து மூன்று செய்திகள் காத்திருந்தன.

பாராட்டு என்று நினைத்தாள், பாவம்.

நினைக்கக் காரணம் இருந்தது. போன வாரம் அவளை வீடியோ பாடம் எடுக்கும் டாக்டர் சாக்கி மேடத்தின் அறை வாசலில் கண் கலங்க நிற்க வைத்துவிட்டு வந்தோம் அல்லவா? ஒன்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து, மூன்று முறை விண்ணப்பம் போட்டு, ஒருவழியாகப் படிப்பு விடுப்பு வாங்கி, கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலை படிக்கிறாள். இது கடைசிப் பருவம். மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளியவள் இந்த ‘வீடியோ தயாரிப்பும் காட்சி வடிவமைப்பும்’ என்ற ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

ஐந்து நிமிஷப் பாட வீடியோ ஒன்று எடுக்க வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட பாடம், சபையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் எப்படி வணக்கம் சொல்வது என்பது. நடித்தவர் அவள் கணவன் ஃபீஃபியின் தாய்மாமன், குடும்பத் தலைவர் கொபினா அமிசா. கூட மூன்று உறவினர்கள், நாத்தனார் மகள் ஏழு வயது எக்குவா.

முதல் பிரதியைப் பார்த்துவிட்டு டாக்டர் சாக்கி இரண்டே வாக்கியம்தான் சொன்னார். “உங்க பெரியவர் திரையில வர்ற எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கார், எழுத்தும் முகமும் ஒண்ணையொண்ணு பார்க்கணும். முடிவும் பொசுக்குன்னு நிக்குது, இன்னொரு காட்சி சேருங்க.”

அராபா சேர்த்தாள். எக்குவாவுக்கு மாமா ஆரஞ்சுப் பழம் கொடுக்கிற காட்சி ஒன்று எடுத்து வைத்தது கிடந்தது, அதைக் கடைசியில் ஒட்டினாள். முதுகு விஷயத்துக்கு எடிட்டிங்கில் ஒரு பட்டனைக் கண்டுபிடித்தாள். அதை அழுத்தினால் கண்ணாடியில் பார்ப்பது போல படம் இடம் வலமாக மாறிவிடும். எல்லாக் காட்சிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து. மாமா சமர்த்தாக எழுத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் நேற்று மாலையே ஃபீஃபி அதைக் குடும்பக் குழுவில் போட்டான். ‘என் மனைவி, டைரக்டர் அராபா’ என்று தலைப்பு வேறு.

முதல் செய்தி குமாசியில் இருக்கும் ஒரு ஒன்றுவிட்ட தங்கையுடையது. “மாமா ஏன் இடது கையைக் குடுக்கறார்?”

அடுத்தது: “துணியைப் பாருங்க. இடது தோள்ல போட வேண்டியதை வலது தோள்ல போட்டிருக்கார். இடது தோள் மூடாம கிடக்கு. உடுத்தத் தெரியாத ஆளா அவர்?”

அதற்கடுத்தது: “குழந்தை இடப்பக்கத்திலேருந்து கை குடுத்துக்கிட்டு வருது. இதைத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரப் போறாங்களாம். நல்லா இருக்கும்.”

அராபா எழுந்து உட்கார்ந்தாள். வீடியோவை ஓட்டினாள். திரையின் ஒரு பக்கம் பெரிய மஞ்சள் எழுத்தில் ‘வலது கையைக் கொடு, வலப்பக்கத்திலிருந்து தொடங்கு’ என்று அவளே எழுதியிருக்கிறாள். மறுபக்கம் எக்குவா இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, இடது கையால், ஒவ்வொருவராகக் குலுக்கிக்கொண்டு வருகிறாள். எங்கள் ஊரில் இடது கையை நீட்டுவது என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நடு நாயகமாக உட்கார்ந்து இடது கையைக் கொடுப்பவர் குடும்பத்துக்கே தலைவர்.

நாற்பதாவது செய்தியைப் படித்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. அது அபாக்காவுடையது. மாமாவின் பெரியம்மா மகன், தலைமை தனக்கு வந்திருக்க வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“என் அண்ணனின் வலது கைக்கு என்ன ஆயிற்று? எதையும் மறைக்க வேண்டாம். சனிக்கிழமை கூட்டத்துக்கு முன் குடும்பத்துக்கு உண்மை தெரிய வேண்டும்.”

ஃபீஃபி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டாள் அராபா.

“என்ன கேள்வி இது காலங்காத்தால? பௌதிக வாத்தியார்.”

“கண்ணாடிப் பிம்பம் எந்த வகுப்புல எடுக்கறீங்க?”

“எட்டாவதுல. ஏன்?”

போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு அவன் பார்த்தான். “அய்யோ” என்றான். சட்டையைப் பார்த்து இன்னொரு முறை “அய்யோ” என்றான்.

“நேத்து ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?”

“உன் பேரு கடைசியில வருதுல்ல, அதைத்தான் பார்த்தேன்” என்றான் ஃபீஃபி. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“அதை அழிங்க.”

“அழிக்கிற நேரம் தாண்டிடுச்சு. நாப்பத்தொரு பேரு பார்த்தாச்சு.”

விஷயம் மானத்தோடு போனால் பரவாயில்லை. வீடியோவில் முகம் காட்டும் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பாடத்தின் விதி. மற்றவர்கள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாமாவிடம் மூன்று வாரமாகக் கடிதம் கிடக்கிறது. முதல் தடவை கண்ணாடியைக் காணோம் என்றார். இரண்டாம் தடவை விருந்தாளி இருக்கிறார்கள் என்றார். மூன்றாம் தடவை “வெச்சிட்டுப் போம்மா, பார்க்கலாம்” என்றார். இன்று மூன்று மணிக்குத் திரையிடல். கடிதம் இல்லாத வீடியோவை அரங்கில் ஓட்ட விட மாட்டார்கள். ஓட்டாவிட்டால் பாடத்தில் தோல்வி. ஆகஸ்டில் விடுப்பு முடிகிறது, இன்னொரு பருவம் இருந்து எழுத முடியாது. பட்டம் இல்லாமல் அதே மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போய் நிற்க வேண்டும்.

கௌரவத்தைக் கெடுத்துவிட்டு, அதே ஆளிடம் போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

நாத்தனார் மான்சாவுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறாள், கடைச் சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க நேரே கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். குடும்பக் குழுவைத் தொடங்கி நடத்துகிறவளும் அவள்தான்.

“எங்க மாமாவை இடது கைக்காரராக்கிட்டியேடி! என் பொண்ணையும் சேர்த்து!”

“தெரியாம நடந்துருச்சு அக்கா. மெஷின்ல ஒரு பட்டன்…”

“மெஷின் மேல பழி போடாதே. என் கடையிலயும் மெஷின் இருக்கு, அது யார் துணியையும் தோள் மாத்திப் போடல. முழுக்க உக்காந்து பார்த்தேன். அந்த ஆரஞ்சு குடுக்கிற இடத்துல மட்டும்தான் கை ஒழுங்கா இருக்கு. மத்ததெல்லாம் தலைகீழ்.”

“இப்பவே சரி பண்ணிடறேன்.”

“பண்ணு. பண்ணிட்டுக் குளி. போற வழியில ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கணும், மன்னிப்புக் கேக்க வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்க வெச்சிடுவார். அங்க நான்தான் உனக்காகப் பேசுவேன். நீ வாயைத் திறக்காதே. திறந்தா பட்டன், மெஷின்னு ஏதாவது உளறுவே.”

திட்டிக்கொண்டே கூட வருகிறாள் என்பதை அராபா அப்போதுதான் கவனித்தாள். மான்சாவிடம் அதுதான் கஷ்டம், கோபப்படவும் முடியாது.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். எல்லாக் காட்சிகளையும் தேர்ந்தெடுத்து அந்தப் பட்டனை மறுபடி அழுத்தினாள். மாமாவின் துணி இடது தோளுக்குப் போனது. எக்குவாவின் வலது கை வலது கையானது. ஆனால் மாமா மறுபடி எழுத்துக்கு முதுகைக் காட்டினார்.

அராபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மஞ்சள் எழுத்தைப் பிடித்து இழுத்துத் திரையின் மறுபக்கத்தில் விட்டாள். மாமா எழுத்தைப் பார்த்தார், எழுத்தும் மாமாவைப் பார்த்தது. அவ்வளவுதான் விஷயம். மேடம் சொன்னது எழுத்தை நகர்த்தச் சொல்லி. இவள் ஆளையே திருப்பிப் போட்டிருக்கிறாள், மூளையைக் கழற்றி வைத்துவிட்டு. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

இருபத்தாறு இடத்தில் எழுத்து. ஒவ்வொன்றாக நகர்த்தி, அம்புக்குறிகளைத் திருப்பி, வீடியோவாக வெளியே எடுக்கும்போது மணி பத்தே கால். வெளியே அனுப்புமுன் கடைசி நொடி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சாக்கியின் முதல் வகுப்புப் பாடம். ஆனால் மான்சா வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். முதல் நிமிஷத்தை மட்டும் பார்த்துவிட்டு அராபா லேப்டாப்பை மூடினாள்.

சால்ட்பாண்டுக்கு ட்ரோட்ரோ வேன் கிடைத்து, ஆள் நிரம்பும் வரை அது கிளம்பாமல் நின்று, வழியில் ஒரு மழையும் பெய்து, மாமா வீட்டு வாசலில் இறங்கியபோது பன்னிரண்டாக ஐந்து நிமிஷம். ஒன்றரைக்காவது திரும்பக் கிளம்பினால்தான் உண்டு. மடியில் புட்டியையும் லேப்டாப்பையும் கட்டிக்கொண்டு வந்ததில் அராபாவின் கைகள் மரத்துப் போயிருந்தன.

உள்ளே மாமா தன் நாற்காலியில் இருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில், வாய் நிறையச் சிரிப்போடு, அபாக்கா.

“வாங்க வாங்க, டைரக்டரம்மா” என்றார் அபாக்கா. “உங்க படத்தைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

மான்சா முன்னால் போனாள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி அபாக்காவுக்குக் கை கொடுத்தாள், அராபாவும் கொடுத்தாள். அடுத்து மாமா. அவர் கையை நீட்டவில்லை. துணிக்குள் கைகளை வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். அராபா தன் கையை மெல்லப் பின்னிழுத்துக்கொண்டாள். இவ்வளவு கோபமா?

தண்ணீர் வந்தது, குடித்தார்கள். மான்சா எழுந்து நின்று பேச ஆரம்பித்தாள். சந்தையில் கத்துகிற அதே தொண்டைதான், ஆனால் இப்போது வெண்ணெய் மாதிரி வந்தது.

“மாமா, உங்க மருமக தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டா. கெட்ட எண்ணம் இல்ல. படிப்பு அதிகமாயிட்டா சில சமயம் புத்தி கொஞ்சம் லீவு எடுத்துக்குது. அதைச் சரி பண்ணிக் கொண்டாந்திருக்கா. இந்தப் புட்டியை வெச்சு உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறோம், மனசுல வெச்சுக்காதீங்க.”

மாமா புட்டியைப் பார்த்தார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் அதைத் திறந்து முன்னோர்களுக்கு இரண்டு சொட்டுத் தரையில் வார்ப்பது வழக்கம். அபாக்கா முழங்கால் மேல் முழங்கை ஊன்றி முன்னால் குனிந்தார்.

“மேசை மேல வைம்மா” என்றார் மாமா. “அப்புறம் பார்க்கலாம்.”

“ஏன் அண்ணே, இப்பவே வார்த்தா என்ன? நாங்களும் இருக்கோம்.”

“அப்புறம்னு சொன்னேன்.”

“சும்மா ரெண்டு சொட்டு…”

“அபாக்கா, இது யாரு வீடு?”

அபாக்கா பின்னால் சாய்ந்தார். சிரிப்பு மட்டும் போகவில்லை. “சரி, திருத்தின படத்தையாவது காட்டும்மா. எங்க அண்ணன் கை எந்தப் பக்கம்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.”

அராபா மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். நாலு பேரும் பார்த்தார்கள். எக்குவா வருகிறாள். வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறாள். முதல் ஆளுக்கு வலது கை, இரண்டாம் ஆளுக்கு வலது கை. மாமா, இடது தோளில் துணி கம்பீரமாக மடிந்து கிடக்க, எழுத்தைப் பார்த்தபடி. முழங்கால் மேல் இருந்த அவர் வலது கையை எக்குவாவே பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் போகிறாள்.

“பார்த்தீங்களா சின்ன மாமா?” என்றாள் மான்சா. “வலது கை! போதுமா? குழுவுல என்னமோ எழுதினீங்களே, இப்ப அதையும் திருத்தி எழுதுங்க.”

அபாக்கா திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அராபாவுக்கு மூச்சு சீரானது. மூன்று நிமிஷம் ஓடியாயிற்று. இனி கையெழுத்துக் கேட்டுவிடலாம்.

அப்போதுதான் மான்சா காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆரஞ்சு கொடுக்கிற இடத்தில் மட்டும் கை ஒழுங்காக இருக்கிறது.

எல்லாம் தலைகீழாக இருந்த படத்தில் அது மட்டும் எப்படி ஒழுங்காக இருந்தது? அதையும்தானே சேர்த்துத் திருப்பினாள். திருப்பிய படத்தில் வலது கை என்றால், நிஜத்தில்?

அராபா துணிக்குள் மறைந்திருந்த மாமாவின் கைகளைப் பார்த்தாள். அந்தக் காட்சியை எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் போன பிறகு, மாமாவும் எக்குவாவும் மட்டும். எக்குவா சிரித்துவிடுவாளோ என்று இவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கையைப் பார்க்கவே இல்லை.

திரையில் நாலு நிமிஷம் பத்து விநாடி. ஆரஞ்சு நாலு இருபதில் வருகிறது. எடிட் செய்தவளுக்கு ஒவ்வொரு விநாடியும் மனப்பாடம். மாமா நிமிர்ந்து உட்கார்கிறார். எக்குவா அவர் முன்னால் வந்து நிற்கிறாள். அபாக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

அராபா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

“என்னாச்சு?”

“பேட்டரி போயிருச்சு” என்றாள்.

“கரெக்டா இப்பவா?”

“பழைய பேட்டரி, சின்ன மாமா. அவ்வளவுதான் படம், அப்புறம் பேரு மட்டும்தான் ஓடும்.”

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அபாக்கா மூடிய லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். எழுந்து துணியைச் சரி செய்துகொண்டார்.

“சரி அண்ணே. சனிக்கிழமை குடும்பம் முழுக்க வரும். நீங்க வார்க்கும்போது நானும் முன்வரிசையில நின்னு பார்த்துக்கறேன்.”

விருந்தாளியை ரோடு வரை கொண்டு விட வேண்டும் என்பதற்காக மான்சா கூடப் போனாள். வாசல் தாண்டியதுமே அவள் குரல் ஏறுவது கேட்டது.

அந்தக் குரல் தேயும் வரை மாமா காத்திருந்தார்.

“எவ்வளவு இருக்கு பேட்டரி?” என்று கேட்டார்.

“எழுபது, மாமா.”

“ம்.” கண்ணை மூடித் திறந்தார். “பார்த்துட்டே.”

அராபா தலையாட்டினாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“ஈஸ்டர் ஞாயிறு” என்றார் மாமா. “கோயில்ல பாட்டுப் புத்தகம் கையிலேருந்து நழுவுச்சு. எடுத்தேன், மறுபடி நழுவுச்சு. அக்ராவுல ஒரு டாக்டர்கிட்ட போனேன், இங்க போனா ஊருக்கே தெரிஞ்சிடும். மாத்திரை குடுத்திருக்கான். வரும்கறான், எப்பன்னு சொல்ல மாட்டேங்கறான்.”

“யாருக்குமே தெரியாதா மாமா?”

“உனக்குத் தெரியும்.” துணியை விலக்கினார். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் பாதி மடங்கியபடி. “முன்னோருக்கு வார்க்கிற கைம்மா இது. இது போச்சுன்னா மறுநாளே அபாக்கா இந்த நாற்காலியில உக்காந்துடுவான். முதல் வேலையா கடலோரத்துல இருக்கிற குடும்ப நிலத்தை ஓட்டல்காரனுக்குக் குடுப்பான். பேசி முடிச்சு வெச்சிருக்கான்.”

மணி பன்னிரண்டு ஐம்பது. அந்த நேரத்தில் தன் காகிதத்தைப் பற்றிப் பேச அராபாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பேசாமல் இருந்தால் மூன்று மணி வந்துவிடும்.

“மாமா, அந்த ஆரஞ்சுக் காட்சியை வெட்டிடறேன். முடிவு பொசுக்குன்னு நின்னா நிக்கட்டும், மார்க்கு குறைஞ்சா குறையட்டும். ஆனா நேரம் இல்ல, மூணு மணிக்குள்ள அந்தக் கடிதம்…”

மாமா இடது கையால் மேசை இழுப்பறையைத் திறந்தார். சம்மதக் கடிதத்தை எடுத்து வைத்தார். அதன் கூடவே ஒரு செய்தித்தாள் கட்டும் வந்தது.

செய்தித்தாளின் ஓரமெல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. கொபினா அமிசா. கொபினா அமிசா. கொபினா அமிசா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணலாக, கோட்டை விட்டு இறங்கி, சில இடத்தில் காகிதமே கிழிந்து. இரண்டாவது தாளிலும் அப்படித்தான், மூன்றாவதிலும் அப்படித்தான்.

“உன் கடிதம் வந்த நாள்லேருந்து இதான் வேலை” என்றார். “இடது கை பழகிடும்னு பார்த்தேன். பழக மாட்டேங்குது.”

மூன்று வாரமாக இவர் கௌரவம் பார்க்கிறார், பெரிய மனுஷத்தனம் காட்டுகிறார் என்று அராபா ஃபீஃபியிடம் எத்தனை முறை புலம்பியிருக்கிறாள். அவர் இங்கே உட்கார்ந்து அவளுக்காக எழுதிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த முறை அழுகையை அடக்க முடியவில்லை.

“அழாதே. நேரம் இல்லைன்னு சொன்னியே.”

“இப்படியே போட்டாக் கூடப் போதும் மாமா. யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேன்ல? முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ்ல கையெழுத்துச் சரி பார்த்தவன். சேரலைன்னா திருப்பி அனுப்பியிருக்கேன், கெஞ்சினாக் கூட விட்டதில்ல. காகிதம் ஒரு இடத்துல போய்ச் சேர்ந்தா அங்கேயே இருக்கும்மா. யாராவது ஒருநாள் எடுத்துப் பார்ப்பாங்க.”

அராபா கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். அடியில், பொடி எழுத்தில், இதுவரை யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது. படித்துவிட்டு அதை அவரிடம் சொல்லத் தயங்கினாள். வேறு வழியில்லை.

“மாமா, இதுல ஒண்ணு போட்டிருக்கு. ‘எழுத இயலாதவர்கள் தம் சம்மதத்தை வாய்மொழியாகக் கூறும் ஒளிப்பதிவு ஏற்கப்படும்.’”

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“எழுத இயலாதவர்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “சரி. அது நான்தானே இப்ப. எடு.”

அராபா நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்த உதவினாள். போனைப் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பருவம் முழுவதும் படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தேவைப்பட்டது. எவ்வளவு கிட்டே போவது, தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது, ஃபிரேமின் கீழ் விளிம்பை எங்கே வெட்டுவது.

முதல் தடவை அவர் பேச ஆரம்பித்ததும் வலது கை தானாக நடுங்கி விளிம்புக்குள் வந்துவிட்டது. நிறுத்தினாள். “இன்னொரு தடவை மாமா. கொஞ்சம் கிட்ட வரேன்.”

மார்புக்கு மேல் மட்டும் தெரியும்படி வைத்தாள். மாமா இடது கையால் வலது கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரையில் அது இல்லை. திரையில் ஒரு கம்பீரமான குடும்பத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்தார்.

“நான் கொபினா அமிசா. ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. இந்தப் படத்தில் இருப்பது நான்தான். என் முகத்தையும் என் குரலையும் காட்ட என் மருமகள் அராபாவுக்குச் சம்மதம் தருகிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை.”

அராபா நிறுத்தினாள். ஒன்று ஐந்து. கிடைத்துவிட்டது. இப்போது கிளம்பினால் மூன்று மணிக்கு அரங்கில் இருக்கலாம், ட்ரோட்ரோவிலேயே ஆரஞ்சை வெட்டிவிடலாம். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

“கை தெரியுதா?” என்று கேட்டார் மாமா. கேட்கும்போதும் அந்தக் கையை அழுத்திப் பிடித்தபடிதான் இருந்தார்.

“தெரியலை மாமா. சுத்தமா தெரியலை.”

“எனக்குத் தெரியுதே.”

இருவரும் திரும்பினார்கள். கதவருகே மான்சா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. மேசை மேல் விரித்துக் கிடந்த செய்தித்தாளையும் மாமாவின் மடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கையில் போன் இருந்தது. டாக்ஸி ஏறிப் போன அபாக்காவோடு சண்டையைப் போனில் தொடர்ந்தபடியே அவள் திரும்பி வந்திருக்கிறாள், பேச்சைத் துண்டிக்கவே இல்லை.

“என்ன தெரியுது?” என்றது போனிலிருந்து அபாக்காவின் குரல். “ஏய் மான்சா, உன்னைத்தான். என்ன தெரியுது?”